நான்கும் நாற்பதும்

கட்டுரை என்றால் எங்கள் வகுப்புக்கு அச்சமே கிடையாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று தூண்களை நட்டு, நடுநடுவே இரண்டு பழமொழிகளைத் தோரணமாகக் கட்டிவிட்டால் "மழைக்காலம்" ஆனாலும் சரி, "நான் தலைமையாசிரியை ஆனால்" ஆனாலும் சரி, பத்துக்கு எட்டு மதிப்பெண் நிச்சயம். கட்டுரைப் போட்டிகளில் வென்ற கேடயங்கள் இரண்டு எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. அந்தப் பெருமையோடு நாங்கள் கைவைத்த ஒரு கட்டுரை எங்களைத் தலைகுனியச் செய்தது. அக்கதையை மறைக்காமல் இம்மலரில் எழுதுகிறோம். பின்வரும் தங்கையருக்கு அது பயன்படும் அல்லவா?

எம் பள்ளியின் பழைய மாணவியாகிய ஓர் அக்கா, சனிக்கிழமைதோறும் வந்து எங்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித் தருவார். தோவாளையைச் சேர்ந்தவர். பி.காம். முடித்து நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். பற்று எது, வரவு எது என்று நாங்கள் தடுமாறும்போதெல்லாம் அவர் பூச்சந்தையிலிருந்துதான் உதாரணம் சொல்வார். பிச்சிப்பூ வாங்கினால் எதில் பற்று, கடனுக்கு விற்றால் யார் பெயரில் பற்று என்று அவர் சொல்லிவிட்டால் பின்பு மறக்கவே மறக்காது. அந்த அக்கா எம்.பி.ஏ. படிக்க விரும்பி இரண்டு மேலாண்மைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார்.

இந்தப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. அதன் ஈராண்டு எம்.பி.ஏ. வகுப்பில் பெண்கள் நேரடியாகச் சேர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்ததாம்! நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையார் 1949-இல் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கினர். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இல் ஐ.ஐ.எம்.கள் தோன்றின. சென்னை லயோலா வளாகத்தில் 1979-இல் லிபாவும், ஐதராபாத்தில் 2001-இல் ஐ.எஸ்.பி.யும், நம் திருச்சியில் 2011-இல் ஓர் ஐ.ஐ.எம்.மும் வந்தன. ஐ.ஐ.எம்.கள் பலவற்றில் நேர்முகத் தேர்வோடு எழுத்துத் திறன் தேர்வும் உண்டு. ஐ.எஸ்.பி. போன்றவையும் வெளிநாட்டுக் கல்லூரிகளும் விண்ணப்பத்தோடு கட்டுரைகளையும் கேட்கின்றன. உமக்கு எது மிக முக்கியம், ஏன் முக்கியம் என்பது ஸ்டான்போர்டு நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பிற இடங்களில், பிறரை வழிநடத்திய அனுபவம் என்ன, எதில் தோற்றீர், எங்கள் கல்லூரிக்கு ஏன் வர விரும்புகிறீர் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சில நூறு சொற்களுக்குள் விடை எழுத வேண்டும்.

அக்கா தம் கட்டுரையை நூலகக் கணினியில் தட்டச்சு செய்து, "பிள்ளைகளே, படித்தால் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று எங்களிடம் தந்தார். அன்றிரவே அனுப்பக் கடைசி நாள். படித்தோம். அதில் அவருடைய அம்மா இருந்தார். தோவாளைச் சந்தையில் விடியுமுன் பூ எடுத்து, மாலை கட்டி, வடசேரியில் விற்கும் கதை இருந்தது. அம்மாவும் அண்டை வீட்டார் மூவருமாக நான்கு பெண்கள் ஓணக் காலத்தில் ஒரே வேனில் பூ அனுப்ப அக்கா ஏற்பாடு செய்த செய்தியும் இருந்தது. எங்களுக்கோ சப்பென்று இருந்தது. ஒரு பழமொழி இல்லை; ஓர் உவமை இல்லை!

உடனே திருத்தத் தொடங்கினோம். ஒருத்தி கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அழகான ஆங்கிலத் தொடக்கம் ஒன்று கேட்டு வாங்கினாள். இன்னொருத்தி "சிறு வயது முதலே தலைமைப் பண்பு என் குருதியில் கலந்திருந்தது" என்று ஒரு வரியைச் செருகினாள். நான்கு பெண்கள் என்பது மிகவும் குறைவாகத் தோன்றியது. அந்த நான்கின் பக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்தோம். ஆம், நாங்களேதான்! நாற்பது பெண்களுக்கு வாழ்வளித்த வீராங்கனையாக அக்கா மாறிவிட்டார். அலுவலகத்திலிருந்து களைத்து வந்த அவர் ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இப்படி எழுதினால்தான் அக்கா இடம் கிடைக்கும்" என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். மணி பதினொன்று ஆகியிருந்தது. அனுப்பிவிட்டார்.

சில வாரங்களில் அக்கல்லூரியிலிருந்து மறுப்பு வந்தது. காரணம் எதுவும் அவர்கள் எழுதவில்லை. எங்கள் கைவேலைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்களில் எவருக்கும் அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் கல்லூரிக்கு இன்னும் நாள் இருந்தது. இம்முறை நாங்கள் ஆங்கில ஆசிரியை சிஸ்டரிடம் தாளைக் கொண்டுபோனோம். சிஸ்டர் இருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அவள் எங்கே இருக்கிறாள்?" என்றார். நாங்கள் விழித்தோம். "இந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போங்கள். இதைத் தமிழில் அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அறுவராகத் தோவாளைக்குப் பேருந்து ஏறினோம். திண்ணையில் ஈரத்துணிமேல் பூவைக் குவித்துவைத்து அம்மா மாலை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசிக்க வாசிக்க, அவர் விரல்கள் நிற்கவே இல்லை. தலைமைப் பண்பு குருதியில் கலந்த இடத்தில் கூட நிற்கவில்லை. நாற்பது பெண்கள் என்ற இடம் வந்ததும் நாரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இது ஆரு மக்களே நாப்பது பேரு? வேனுக்குப் பங்கு போட்டது நாங்க நாலு பேருல்லா?"

யாரும் பேசவில்லை. அக்கா எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலும். கோபப்படவில்லை, எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தார். டம்ளரை எங்கள் கையில் தந்தபடியே அக்காவிடம் கேட்டார்: "அந்த ஓணத்துக் கிரேந்திய எழுதல்லியா மக்களே? அதுக்கப்பொறம்தானே உனக்குக் கணக்கே தெரிஞ்சுது!"

அக்கா தலைகுனிந்தார். பிறகு மெதுவாக அந்தக் கதையைச் சொன்னார்.

2018-ஆம் ஆண்டு. அக்கா அப்போது பதினோராம் வகுப்பு. ஓணத்துக்கு அத்தம் நாள் தொடங்கிப் பத்து நாளும் கேரளத்தில் அத்தப்பூக்கோலம் இடுவார்கள். அதற்காகத் தோவாளைக்கு உள்ளூர்ப் பூவோடு ஓசூர், இராயக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளிலிருந்தும் பூ வந்து குவியும். விலை ஏறும் என்று கணக்குப் போட்ட அக்கா, அம்மாவை வற்புறுத்தி அவருடைய கம்மலை அடகு வைக்கச் செய்து, கிலோ 60 ரூபாய் வீதம் 200 கிலோ மஞ்சள் கிரேந்தி எடுத்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய். அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அரசு ஓண விழாக்களைக் கைவிட்டது. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் முகாம்களில் இருக்கையில் பூக்கோலம் இடுவார் யார்? நாற்பது கிலோ மட்டும் கிலோ 25 ரூபாய்க்குப் போயிற்று. மீதியெல்லாம் அழுகிக் குப்பைக்குச் சென்றது. நஷ்டம் 11,000 ரூபாய். கம்மலை மீட்கப் பத்து மாதம் ஆயிற்று. அதுவரை அம்மா காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாராம்.

"என் கணக்கால் அம்மா காது மூளியாக இருந்ததை எழுதினால் எந்தக் கல்லூரி என்னைச் சேர்க்கும்?" என்று அக்கா கேட்டார். விடை தெரியாமல் திரும்பினோம்.

திங்கட்கிழமை சிஸ்டர் எங்களிடம் கணக்குப்பதிவியல் பாடத்தையே எடுத்துப் பேசினார். இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494-இல் வெனிஸ் நகரில் நூல் அச்சிட்ட லூக்கா பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. "பற்று இல்லாமல் வரவை மட்டும் எழுதிய பேரேட்டை உங்கள் அக்கா ஏற்பாளா? கட்டுரையும் அப்படித்தான். வென்றதை மட்டும் எழுதினால் இருப்புச் சரிவராது" என்றார். இன்னொரு கதையும் சொன்னார். சென்னை ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்து, 1976-இல் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் பட்டயம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற இந்திரா நூயி, வேலைக்கான நேர்முகம் ஒன்றுக்கு மலிவாக வாங்கிய, அளவு பொருந்தாத கோட்டு அணிந்துபோய்க் கூனிக் குறுகினாராம். அடுத்த நேர்முகத்துக்கு, ஊரில் உடுத்துவதையே உடுத்திப் போ என்ற அறிவுரைப்படி சேலையில் சென்றார், வேலை கிடைத்தது. அவரே பின்னாளில் 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். "நீங்கள் உங்கள் அக்காவுக்குப் போட்டுவிட்டது இரவல் கோட்டு" என்று சிஸ்டர் முடித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அக்கா தாமே மறுபடி எழுதினார். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம். 200 கிலோ கிரேந்தி முதல் பத்தியிலேயே வந்தது. தவறு எது என்பதை அவர் மழைமேல் போடவில்லை: வாங்குவோர் யார் என்று தெரியாமல், பிறர் நகையை வைத்துச் சரக்கு எடுத்ததே தவறு என்று எழுதினார். அடுத்த ஆண்டு முதல் கேட்பவரிடம் பாதிப் பணம் முன்னதாக வாங்கி, கேட்ட அளவுக்கு மட்டும் பூ எடுத்ததையும், நான்கு வீட்டுப் பூவை ஒரே வேனில் ஏற்றியதால் ஆளுக்கு வாடகை கால் பங்கானதையும் கணக்கோடு காட்டினார். சரக்கு வழங்கலையும் விலை நிர்ணயத்தையும் முறையாகக் கற்றால், நான்கு வீட்டுக்குச் செய்ததை ஊருக்கே செய்ய முடியுமா என்று அறிய விரும்புவதாகவும், அதற்கு அக்கல்லூரியின் எந்தப் பாடம் உதவும் என்பதையும் எழுதி முடித்தார். நான்கு, நான்காகவே இருந்தது.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது! அங்கே கேட்ட முதல் கேள்வியே கிரேந்தியைப் பற்றித்தானாம். "மீண்டும் அப்படியொரு வெள்ளம் வந்தால் உங்கள் முறை தாங்குமா?" என்றார்களாம். "முழுவதும் தாங்காது. பாதிப் பணம் கையில் இருப்பதால் நஷ்டம் பாதியோடு நிற்கும்" என்று அக்கா சொன்னார். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்களாம். நாற்பது பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே எங்களுக்கு வியர்க்கிறது.

இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை முடிவு வரவில்லை. சனிக்கிழமைதோறும் அக்கா வருகிறார். வாயிலில் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் புத்தகத்தைத் திறக்கிறோம்.

அன்புத் தங்கையரே! நாளை நீங்களும் கல்லூரிக்கோ வேலைக்கோ உங்களைப் பற்றி எழுத வேண்டி வரும். கேட்ட கேள்விக்கு விடை எழுதுங்கள். எண் இருந்தால் சரியான எண்ணை எழுதுங்கள். பட்ட நஷ்டத்தையும், அதன் பின் செய்ததையும் சேர்த்தே எழுதுங்கள். பிறரைப் பிழை பார்க்கச் சொல்லலாம். எழுதச் சொல்லாதீர்கள், எங்களைப் போன்ற கேடயக்காரிகளிடம் அறவே கொடுக்காதீர்கள். முடித்தபின் உங்களை வளர்த்தவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். வேலை செய்யும் அவர் கை எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, வணிகவியல் பிரிவு மாணவியர்