எண் சொன்னதும் சொல்லாததும்

வியாதிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், பாதி வைத்தியம் முடிந்தது போல நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. மோட்டார் விஷயத்திலும் இப்படித்தான். பெயரைச் சொன்னவரையே வைத்தியர் என்று நம்பி, அவர் கேட்ட பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்.

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு டாக்ஸிக்காரர் இருக்கிறார். அவருடைய டீசல் காருக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிறவர்கள். மற்ற நாட்களில் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் சவாரி. சென்ற மாதம் ஜவ்வாது மலை ஏற்றத்தில் கார் இழுக்க மறுத்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கரும்புகைதான் வந்ததாம். சவாரி வந்தவர்கள் இறங்கி நடந்தார்கள்.

ஒரு பட்டறையில் காட்டினார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, 'பி 0299' என்ற எண்ணைக் காட்டினார்கள். "டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்று தீர்ப்பும் சொன்னார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானம். மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதா, காரையே தள்ளிவிடுவதா என்று யோசனை கேட்க என்னிடம் வந்தார். "நாலும் தெரிஞ்சவரு சார் நீங்க" என்றார். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்!

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். புகையாக வீணாய்ப் போகும் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்று ஆல்பிரட் பூக்கி என்ற சுவிஸ் எஞ்சினீயர் 1905-ல் உரிமை வாங்கினார். அதுதான் டர்போ. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். 1978-ல் மெர்ஸிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. மூலமாக அது டீசல் காருக்கு வந்தது. பிறகு நம் நாட்டுச் சின்னக் கார்களுக்கும் வந்தது. 2020 ஏப்ரலில் புகை விதி கடுமையானபோது மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய டீசல் கார்கள் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னும் சோறு போடுகின்றன.

அந்த எண்ணுக்கு அர்த்தம், 'எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை' என்பது மட்டுமே. தர்மாமீட்டர் 102 காட்டினால் ஜுரம் என்று தெரியும்; டைபாய்டா, மலேரியாவா என்பதை அதனிடம் கேட்க முடியுமா? ஏர் பில்டரில் நுழையும் காற்று டர்போவில் அமுங்கி, ரப்பர் குழாய் வழியாக இண்டர்கூலரில் சூடு ஆறி, இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. இந்த வழியில் எங்கே அடைத்தாலும், எங்கே கசிந்தாலும் அதே எண்தான் வரும். காற்று குறைந்து டீசல் மிஞ்சினால் கரும்புகை.

அவலூர்பேட்டை சாலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அவரை அழைத்துப் போனேன். பெரியவர் செலவில்லாத காரியங்களை முதலில் செய்தார். பில்டரைக் கழற்றி உதறினார். டர்போவின் பக்கத்துக் கம்பி அசைகிறதா, அதற்குப் போகும் சின்னக் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். குளிர்ந்திருந்த டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றினார். "பக்கவாட்டுல துளி ஆடலாம், தம்பி. முன்னும் பின்னும் ஆடக்கூடாது. இறக்கை உரசக்கூடாது. இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு குழாய் வாயை ஒரு மூடியால் அடைத்தார். அந்த மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடித்தார். 15 பவுண்டைத் தாண்டவில்லை. சோப்புத் தண்ணீரைத் தடவினார். இண்டர்கூலர் குழாயின் கிளிப்புக்குக் கீழே குமிழி கிளம்பிற்று. அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு! சமவெளியில் சாதுவாக இருந்த கார் மலையில் ஏன் மூச்சுத் திணறிற்று என்பது அப்போது விளங்கிற்று. குழாய் மாற்றக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

டர்போ சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் சாகும். அச்சு ஆடி, இறக்கை உரசி, நீலப்புகை வந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் முதலில் சாகக் காரணம் என்னவென்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் பழையதன் வழியே போகும்.

"என்ன கோளாறு?" என்று கேட்க எல்லோருக்கும் தெரிகிறது. "எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்கத்தான் நாக்கு எழுவதில்லை. படித்தவர்களுக்கே கூச்சம், ஏழைக்குப் பயமும் சேர்ந்துவிடுகிறது. கேட்டுவிடுங்கள். நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டான், குனிந்து காட்டுவான்.