கரைக்கு ஆள்

2020 ஆகஸ்ட் 17, திங்கள்

அரசுப் பள்ளிகளில் ஒன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு இன்று சேர்க்கை ஆரம்பம். பெரியவளை ஆறில் சேர்த்துவிட்டு வந்தேன். ஐந்தாவது வரை தனியார் பள்ளியில் படித்தவள். இப்போதைக்குக் கட்டணத்தில் 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று போன மாதம் உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று ஆன பிறகு பட்டுப் புடவைக்கு ஏது கிராக்கி? எங்களுக்கு நாற்பதும் நூறும் ஒன்றுதான்.

பள்ளி வாசலில் வரிசை தெரு வரை நின்றது. பாதிப் பேர் பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள். மாஸ்க்குக்கு மேலே கண்ணைப் பார்த்தே அடையாளம் தெரிந்தது. டீச்சர் முதலில் கேட்டது பெயரை அல்ல, போன் நம்பரை. "வாட்ஸ்அப் இருக்குற நம்பரா சொல்லுங்கம்மா." புத்தகம் கொடுத்தார்கள். வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும் என்று பெரியவள் கேட்டாள். ஜன்னலும் சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 20, வியாழன்

வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் என் வீட்டுக்காரருடையது. முதலாளி கலர், டிசைன் எல்லாம் அதில்தான் அனுப்புகிறார். பள்ளியின் குரூப்பும் அதில்தான். ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்குக் கீழே மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவைப் படம் வருகிறது. முந்தாநாள் அவர் முதலாளிக்குப் போடவேண்டிய "சரிங்க, நாளைக்கு முடிச்சிடறேன்" என்ற பதில் பள்ளி குரூப்புக்குப் போய், கணக்கு டீச்சர் கட்டைவிரல் போட்டிருந்தார்.

மூன்றாவது படிக்கும் சின்னவனுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம். அரசு கேபிளில் 200ஆம் எண். போன வருஷம் ஆகஸ்டில் அதைத் தொடங்கியபோது ரிமோட்டில் தாண்டிப் போகிற சேனலாகத்தான் இருந்தது. தறியும் டிவியும் ஒரே அறையில். பாடம் ஓடும் அரைமணிக்கு அவர் தறியை நிறுத்திவிடுகிறார். பெரியவள் பாடத்துக்கு இன்னொரு அரைமணி.

இன்று பின்னம். டிவியில் டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர்" என்றான் சின்னவன். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அதிலிருந்து அவன் டிவியை நம்புவதில்லை.

நான் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் இருப்பேன். அரைச் சம்பளம்தான், ஆனால் முழு நாள். ராத்திரி வந்துதான் நோட்டைப் பார்க்கிறேன். இருட்டிய பிறகு பின்னம் சொல்லிக்கொடுக்க எனக்கும் பொறுமை இல்லை, கேட்டுக்கொள்ள அவனுக்கும் இல்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

கரைக்கு வந்துகொண்டிருந்த பையன் நின்றுவிட்டான். ஒரகடத்தில் கம்பெனி திறந்தாச்சாம், காண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, மாதம் பிறந்தால் சம்பளம்.

கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். இந்தப் பக்கத்துக் கரையையும் உடலையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பெரிய பலமோ வித்தையோ தேவையில்லை. அதனால்தான் காலங்காலமாக அந்த இடம் பிள்ளைகளுடையதாக இருந்தது. முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்குவார், அது அடையும் வரை பிள்ளை கரையில் உட்காரும். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எங்கள் காஞ்சிபுரமும் இருக்கிறது. எனக்கு அறிக்கை வேண்டியதில்லை. என் பெரிய அண்ணன் கையெழுத்துப் போடக் கற்றது இருபது வயதுக்கு மேல். ஊர் ஊராக வந்து, தறி தறியாகக் கணக்கெடுத்து, தனிப் பள்ளிகள் வைத்து, பிள்ளைகளை அங்கிருந்து எழுப்ப ஒரு தலைமுறை ஆயிற்று.

ராத்திரி சாப்பிடும்போது அத்தை மெல்ல ஆரம்பித்தார். "பெரியவ சும்மாத்தான இருக்கா. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் கரைக்கு உக்காரட்டுமே."

"படிக்கிறா அத்தை."

"எப்போ? அரைமணி நேரம் டிவி பாக்குறா. அண்ணாவே நடுவுல நிறுத்திட்டு முனிசிபாலிட்டில கிளார்க்கா இருந்துட்டு அப்புறம்தான காலேஜுக்குப் போனாரு."

எங்கள் ஊரில் அறிஞர் அண்ணாவை இழுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவள் என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

கடைக்கு வருகிற வக்கீல் அம்மா ஒருவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு விலக்கு வைத்தார்களாம். குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில் பிள்ளைகள் உதவலாம். படிப்பு கெடக்கூடாது, அபாயமான வேலையாக இருக்கக்கூடாது.

பள்ளி நேரம் போக. மணி அடித்துப் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற ஒரு கட்டடம் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் ஆன்லைனில் வேண்டாம், ஒவ்வொன்றும் அதிகபட்சம் முக்கால் மணி என்பது ஜூலையில் மத்திய அரசு சொன்ன கணக்கு. கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஒன்றரை மணி போக மீதிப் பகல் முழுக்க "பள்ளி நேரம் போக" ஆகிவிடுகிறது. அந்த விலக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், அத்தை சொன்னதில் என்ன பிழை என்று என்னால் காட்ட முடியவில்லை. பள்ளி பாடம் மட்டும் சொல்லித்தரவில்லை, பிள்ளை வீட்டில் இல்லை என்று சொல்ல எங்களுக்கு ஒரு காரணமும் கொடுத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 1, செவ்வாய்

கோயில்கள் எல்லாம் திறந்தன. இ-பாஸ் இல்லை, மாவட்டத்துக்குள் பஸ் ஓடுகிறது. வரதரைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "பெருமாளும் நானும் மட்டும்தான்" என்று சிரித்தாள். டாஸ்மாக் மே மாதமே திறந்தாயிற்று. "அடுத்து பள்ளிக்கூடமாம்மா?" என்று சின்னவன் கேட்டான். வரிசையை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

அவர் முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். கோர்வை வேண்டாம், ஒருவரே நெய்கிற புடவைக்குப் பாவு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கூலி குறையும். முதலாளி, "உங்க வீட்லயே ஆள் இருக்கே" என்றாராம். "அது ஆள் இல்லீங்க, ஆறாவது படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்ததாக அத்தையிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

அத்தை இரண்டு நாள் பேசமாட்டார். தீபாவளிக்குப் புதுத் துணி கிடையாது என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

2021 நவம்பர் 1, திங்கள்

இடையில் நோட்டு எங்கேயோ போய்விட்டது, இப்போதுதான் அகப்பட்டது. இரண்டாவது அலை, இன்னொரு ஊரடங்கு, தேர்வில்லாமல் தேர்ச்சி. அதையெல்லாம் எழுதும் நிலையிலும் இல்லை.

ஒன்று முதல் எட்டு வரை இன்று பள்ளி திறந்தது. ஆறில் சேர்ந்த பெரியவள் ஏழாம் வகுப்பில்தான் முதன்முதலாக அந்தப் பள்ளியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வந்து மூச்சுவிடாமல் பேசினாள். வாய்ஸ் மெசேஜில் கேட்ட குரலை வைத்துத்தான் டீச்சர்களைக் கண்டுபிடித்தாளாம். கணக்கு டீச்சர் இவளை "முடிச்சிடறேன் வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

சின்னவன் நான்காம் வகுப்பு அறை எது என்று தெரியாமல் மூன்றில் போய் உட்கார்ந்துவிட்டான். கடைசியாக அவன் எழுந்து வந்த இடத்துக்கு அதுதான் பக்கம்.

நவம்பர் 9, செவ்வாய்

தீபாவளி விடுமுறை முடிந்ததும் மழை. சென்னையோடு எங்கள் மாவட்டத்துக்கும் நேற்றும் இன்றும் பள்ளி விடுமுறை. தறிக்குழியில் தண்ணீர் ஊறியதால் அவருக்கும் வேலை இல்லை. காலையிலிருந்து போன் யாரும் கேட்காமல் அலமாரியில் கிடக்கிறது. குரூப்பில் ஏதாவது பாடம் வந்திருக்கிறதா என்று பெரியவள் ஒருமுறை பார்த்தாள். மழை நிலவரம்தான் வந்திருந்தது.