மச்சானின் பைக்கும் கழன்ற மரையும்



கராஜில் வேலை செய்யும் தம்பிமார் இதை வாசித்துச் சிரிக்கக் கூடாது.

மச்சான் கட்டாருக்குப் போகும்போது தன்ட பைக்கை எங்களிடம் விட்டுட்டுப் போனார். ஒரு வருசமா நாங்க இரண்டு பேரும் அதிலதான் பாடசாலைக்குப் போய் வாறோம், நடுவில் மகள். போன மாசம் ஒயில் மாற்றினோம். கராஜுக்கு ஏன் காசு என்று வீட்டு வாசலிலேயே மாற்றினோம். அடுத்த நாள் காலையில் பைக்குக்குக் கீழே சீமெந்தில் ஒரு ஒயில் பொட்டு.

சொட்டுதென்றால் இறுக்கம் போதாது. அப்படித்தான் நினைத்தோம். ஸ்பேனரின் வாலில் ஒரு பைப் துண்டைச் செருகி, ஒருவர் டோர்ச் பிடிக்க மற்றவர் இழுத்தார் (யாரென்று சொல்ல மாட்டோம்). போல்ட் ஒருதரம் கெட்டியா நின்றது, பிறகு வெண்ணெய்க்குள் சுத்துவது போல சும்மா சுத்தியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரைக்குள் வெள்ளிக் கம்பி மாதிரிச் சுருள். அது போல்ட்டின் மரை இல்லை, என்ஜினின் மரை. போல்ட் உருக்கு, என்ஜின் அடி அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான்.

கைபிடி நீண்டால் திருப்பும் விசை கூடும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் நாங்க! அந்த போல்ட்டுக்குத் தேவை 24 நியூற்றன் மீற்றர். 24 சென்ரிமீற்றர் ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ பாரம், அவ்வளவுதான். பைப்போடு 72 சென்ரிமீற்றர் என்றால் அதே கைக்கு மூன்று மடங்கு.

வெட்கத்தில் தண்ணீர்க் குழாய்க்குச் சுத்துகிற வெள்ளை டேப்பைச் சுத்திப் பூட்டி, இரண்டு கிழமை ஓடினோம். வாற மாசம் மச்சான் லீவில் வாறார். அதுவரை தாங்கினால் போதும் என்றுகூட ஒரு இரவு பேசிக்கொண்டோம். பிறகுதான் மகளை நினைத்தோம். ஓட்டத்தில் அந்த போல்ட் விழுந்தால் ஒயில் முழுக்கக் கொட்டும், என்ஜின் இறுகும், பின் சில்லு அப்படியே நிற்கும்.

முதலில் போன இடத்தில் "14 போல்ட் ஒன்றை அடிச்சு ஏத்தலாம், சேர்" என்றார்கள். அது கழன்றால் 16ஆ? திரும்பி வந்துட்டோம்.

இரண்டாவது, லேத் வைத்திருக்கும் வயதான காக்கா ஒருவர். தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டெப்பால் புது மரை வெட்டினார். டெப்பில் கிரீஸ் பூசியிருந்தார், தூள் என்ஜினுக்குள் விழாமல் அதில் ஒட்ட. அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்று பின்னுக்கு. அவசரமே இல்லை. பிறகு ஸ்பிரிங் போல ஒரு துருப்பிடிக்காத உருக்குச் சுருளை உள்ளே திருகினார். ஹெலிகொயில் என்பது அதுதான். வெளியே பிடிக்கும் மரை பெரியது, உள்ளே பழைய 12 போல்ட்டே பூட்டும். சுருளின் அடியில் திருகுவதற்கென்று ஒரு சின்ன வால் இருக்கும், கடைசியில் அதை முறித்து எடுக்க வேண்டும். முறித்த துண்டை மெல்லிய குறட்டால் பிடித்தெடுத்து எங்கட உள்ளங்கையில் வைத்தார். "கண்ணால பாருங்க. இது உள்ளுக்க கிடந்தா நான் செஞ்ச வேலை வேலையில்ல." கொஞ்சம் பழைய ஒயிலை ஊற்றிக் கழுவி வடித்த பிறகுதான் மூடினார்.

பூட்டும்போது பழைய வாஷரைத் தூக்கிக் காட்டினார். நசிந்து, ஒரு பக்கம் கோடு விழுந்திருந்தது. ஒயிலை அடைப்பது அந்த வாஷர்தானாம், இறுக்கம் இல்லை. புதுசு போட்டிருந்தால் முதல் நாளே சொட்டியிருக்காது.

அன்று மஃரிபுக்குப் பிறகு மச்சானுக்கு எல்லாவற்றையும் வொய்ஸில் சொன்னோம், பைப் துண்டையும் வெள்ளை டேப்பையும் சேர்த்து. நீல டிக் விழுந்து கன நேரம் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: "மகளையும் வச்சிக்கிட்டா இரண்டு கிழமை ஓடினீங்க?"

பைக் இப்போது சொட்டவில்லை. அந்த வரிக்கு நாங்க இன்னும் பதில் போடவில்லை.