ஆயக்குடி கொய்யாவும் ஆபீஸ் கேக்கும்

பழனிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வழியில் ஆயக்குடியில் பஸ் நின்றால் ஒரு கிலோ கொய்யாப்பழம் வாங்குவோம், அதோடு சரி. என் சின்ன நாத்தனாரை அந்த ஊரில் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. விசேஷம் என்றால் காலையில் போய் மாலையில் திரும்பி விடுவேனே தவிர, ஊரைச் சுற்றிப் பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் மூன்று நாள் தங்கினேன்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனிக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆயக்குடி. பழைய ஆயக்குடி, புதிய ஆயக்குடி என்று இரண்டு. தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை நீலமாக நிற்கிறது. விடிந்ததும் விடியாததுமாக என்னைக் கொய்யா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள் நாத்தனார். அடேயப்பா, என்ன வாசனை! பெட்டி பெட்டியாகப் பழம் வந்து இறங்குகிறது. லக்னோ 49 என்கிற ரகத்தை இங்கே நிறையப் பயிரிடுகிறார்கள்.

"வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா பழுத்தா மூணு நாள் தாங்காது. வரத்து அதிகமானா பறிக்கிற கூலி கூடக் கட்டாது" என்றாள்.

அவள் சொன்னது பொதுப்பேச்சு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தோட்டத்துப் பழம் அப்படித்தான் விலை போகாமல் வீணாயிற்று. பெண்ணைக் காலேஜில் சேர்க்க வேண்டிய வருஷம் அது. அப்போதுதான் சீட்டுப் பணத்தை எடுத்து ஓர் அவன் அடுப்பு வாங்கினாள். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொய்யா எப்படிக் கேக்கானது?

கொய்யாவில் பெக்டின் என்கிற சத்து இயற்கையாகவே உண்டு. பழத்தை வேக வைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கிளறினால் தானாகவே கெட்டிப்படும். அந்த ஜாமை நடுவில் வைத்து வெண்ணெய் கேக் செய்கிறாள். மேலே கிரீம் கிடையாது. நம் பக்கத்து வெயிலில் கிரீம் கேக்கை பஸ்ஸில் கொண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்!

உள்ளூரில் பிறந்தநாள் கேக் விற்றுப் பார்த்தாள். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம் பேரம். அதனால்தான் மில், பாங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று மொத்தமாக வாங்கும் இடங்களைப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

இது ஒன்றும் புது வழி அல்ல. 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பிஸ்கட் வியாபாரியிடம், தோட்ட முதலாளியான மர்டாக் பிரௌன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதைப் போலச் செய்து தரமுடியுமா என்று கேட்டாராம். பாபு உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்துச் செய்து கொடுக்க, ருசித்த பிரௌன் இன்னும் ஒரு டஜன் கேட்டதாகச் சொல்வார்கள். வாங்குபவர் கேட்டது, செய்பவர் ஊரில் விளைந்தது இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம்!

விழுந்த முதல் அடி

முதல் ஆர்டர் ஒரு மில்லிலிருந்து வந்தது. ஆயுத பூஜைக்கு அரைக்கிலோ கேக் நாற்பது. போனில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, இரண்டு ராத்திரி தூங்காமல் செய்து முடித்தாள். முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது: "வேற இடத்தில ஸ்வீட் வாங்கிட்டோம், வேண்டாம்மா." முன்பணமும் இல்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை. போட்டது அத்தனையும் கடன் பணம்.

ஆயக்குடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மரத்தடியில் இலவசமாகப் பாடம் நடக்கிறது. வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்த ஞாயிறு தாயும் மகளும் கேக்குகளைத் துண்டு போட்டு, அந்தப் பக்கம் சாலையோரம் நின்று விற்றார்கள். அழுதுகொண்டே விற்றாளாம். முதல் முழுதும் தேறவில்லை. ஆனால் சாப்பிட்ட பெண் ஒருத்தி, "அக்கா, நான் வேலை செய்யற ஆபீஸ்ல மாசா மாசம் பிறந்தநாள் கொண்டாடுவோம். நம்பர் குடுங்க" என்றாள். முதல் வாடிக்கை அப்படித்தான் கிடைத்தது.

அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. தைப்பூசச் சமயத்தில் அனுப்பிய கேக்கைப் பாதிப் பேர் தொடவில்லை. மாலை போட்டிருந்தார்கள், கேக்கிலோ முட்டை. பழனி மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். அன்று முதல் தயிரும் சமையல் சோடாவும் சேர்த்து முட்டையில்லாத கேக்தான். டப்பாவில் பச்சை வட்டக் குறி; கூடவே தயாரித்த தேதி, சேர்த்த பொருள்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அந்தப் பதிவு கட்டாயம் என்பதைச் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும்.

நான் கண்ணால் பார்த்தது

மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போனாள். தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. "பத்து நாளைக்கு முன்னாடி போனா வேற யாராவது முந்திக்குவாங்க அண்ணி." மூன்று மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு உள்ளே போனோம். மானேஜரைத் தேடவில்லை. டீ, பேனா, காகிதம் வாங்கும் பொறுப்பு யாருக்கென்று விசாரித்து அவரைப் பார்த்தாள். சின்னத் துண்டுகளாக மாதிரி கொடுத்துவிட்டு மூன்றே கேள்வி: எத்தனை பேர், யார் யார் என்ன சாப்பிட மாட்டார்கள், டப்பாமேல் கம்பெனி பெயர் வேண்டுமா?

அவர் விலையைக் குறைக்கச் சொன்னார். எனக்குப் படபடப்பு. இவள் அசையவில்லை. "விலையைக் குறைச்சா வெண்ணெயைக் குறைக்கணும் சார். அதுக்குப் பதிலா கால் கிலோவா தரட்டுமா?" என்றாள். மாவு, சர்க்கரை மட்டுமல்ல. காஸ், டப்பா, ஆட்டோ, தன் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டிருந்தாளே, அந்தத் தெம்பு! இருபத்தைந்து பெட்டிக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும், பாதிப் பணமும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

பஸ்ஸில் அந்தப் பணத்தை இரண்டு தடவை எண்ணினாள். "செமஸ்டர் பீசுக்கு ஆச்சு" என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவன் அடுப்பு வாங்கியபோது திட்டிய நான், வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. ஆனால் வேக வைத்தால் அதில் நிறையப் போய்விடும். ஆகவே கேக்கை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பழனிக்குப் போகும்போது ஆயக்குடியில் இறங்கி, பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். முக்கியமாக, பேரம் பேசாதீர்கள்!