முதல் பயணத்துக்கு ஒரு நகரம்



கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டிப் பழைய ஏடுகளை மேசைமேல் பரப்பியபோதுதான் அந்தக் கணக்கு தொடங்கியது. எங்களில் ஒருவர் துபாயில் வேலை பார்ப்பவர். மற்றவர் திருச்சிக்கு அருகே, மாமியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வீட்டை நடத்துபவர். நிக்காஹ் முடிந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. வந்த நாள், போன நாள் என்று முத்திரைகளைப் பார்த்து, பிள்ளையின் கணக்கு நோட்டில் குறித்துக் கூட்டினோம். ஒரே கூரையின்கீழ் நாங்கள் இருந்தது 17 மாதங்கள். தவறு இருக்குமோ என்று மறுபடியும் கூட்டினோம். தவறு இல்லை.

அன்றிரவு இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலைத் தேநீரின்போது எங்களில் கணவரானவர், "இந்த விடுப்பில் நாம் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போய்வருவோமா?" என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகளில் இப்படியொரு கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

நாங்கள் பயணமே செய்யாதவர்கள் அல்லர். அல்ஹம்துலில்லாஹ், 2018இல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு உம்ரா செய்தோம். ஆனால் குழுவோடு செல்லும் உம்ராவைப்பற்றி உங்களுக்குத் தெரியும். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. சாப்பாட்டு வேளையில் விடுதிக் கூடத்தில் ஒருவரையொருவர் பார்ப்போம். ஹரமில் தொழுகை முடிந்ததும் கைபேசியில், "எந்த வாசலில் நிற்கிறாய்?" என்று தேடிக்கொள்வோம். அது இபாதத்துக்கான பயணம். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டது வேறு.

ஐரோப்பா என்றது எங்களில் மனைவியானவர். அவர் கல்லூரியில் வரலாறு படித்தவர். ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர், அந்த மண்ணைப் புத்தகப் படங்களில் மட்டுமே பார்த்தவர். செய்தி உறவுகளுக்குத் தெரிந்தவுடன் கேள்விகள் வரிசைகட்டின. மறுபடி ஓர் உம்ரா போகலாமே? மாடி கட்ட வைத்திருந்த பணமாயிற்றே? மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது ஆகிறதே, நகைக்கு என்ன செய்வீர்கள்? எதையும் நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஜகாத் கொடுத்தாகிவிட்டது, கடன் வாங்கிப் போவதில்லை, மாடி இரண்டாண்டு தள்ளிப்போகும் என்று எங்களுக்குள் தீர்த்துக்கொண்டோம். நகைக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

பட்டியலில் முதலில் இருந்தது பாரிஸ். அது மூத்தவளின் பரிந்துரை. ஈபிள் கோபுரத்தின் முன் நாங்கள் நிற்கும் படம் அவளுக்கு வேண்டுமாம். 1926இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அங்கே உண்டு, ஹலால் உணவும் எளிதில் கிடைக்கும். ஆயினும் விடுதி வாடகையைப் பார்த்த அன்றே பாரிஸ் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

அடுத்தது இஸ்தான்புல். கேட்டவர் அனைவரும் சொன்ன பெயர் அதுதான். அறிவுள்ள தேர்வும் அதுவே. ஆனால் சச்சாவின் மகன் தன் குழுவோடு அதே மாதம் அங்கே போகிறார். மனைவியின் ராத்தா குடும்பமும் போவதாகப் பேச்சு. போதாக்குறைக்கு, நாங்கள் முடிவு செய்வதற்குள்ளாகவே வாங்கிவர வேண்டிய பொருள்களின் பட்டியல்கள் மூன்று வந்து சேர்ந்தன. இரண்டு பேராகப் போக நினைத்த இடத்தில் பாதி மஹல்லாவைச் சந்திப்பானேன் என்று விட்டுவிட்டோம்.

கணவரானவரின் உள்ளத்தில் இருந்தது கிரனாடா. அந்தலூசியாவைப்பற்றிப் பயான்களில் கேட்டு வளர்ந்தவர் அவர். அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களெங்கும், அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை என்ற பொருள்படும் வாசகம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருப்பதைப் படங்களில் காட்டினார். 1492 ஜனவரியில் அந்த நகரம் கைமாறிய கதையை இரவு உணவின்போது சொன்னார். இளையவன் சோற்றைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து குர்துபாவுக்கும் போய், எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தத் தூண்களின் காட்டைப் பார்க்கலாம் என்றார். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்.

மறுத்துச் சொல்லும் பழக்கம் மனைவியானவருக்கு அவ்வளவாக இல்லை. விடுப்பில் வருபவரிடம் எதற்கு மறுப்பு என்று பழகிவிட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆனால் அன்று கேட்டார்: "மச்சான், அந்தப் பள்ளியில் தொழ விடுவார்களா?" விடமாட்டார்கள். குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாக ஆக்கப்பட்டது. இன்று முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை. அல்ஹம்ராவிலும் பெயர் பதிந்த சீட்டோடு, குறித்த நேரத்தில் நுழைந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். "அப்படியானால் அழுவதற்கா இவ்வளவு தூரம்? தொழ இடமுள்ள ஊருக்குப் போவோமே" என்றார்.

கிரனாடாவுக்கு நியாயம் சொல்லிவிட வேண்டும். அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில், அல்பைசின் பகுதியில், 2003இல் புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், தொழுகிறார்கள். என்றாலும் அந்த ஒரு கேள்வியில் எங்கள் பேச்சு திசை மாறிவிட்டது. பிறகு மனைவியானவர் மெல்லச் சொன்ன செய்தி கணவரானவருக்குப் புதிது. பாங்கு கேட்டதும் கணவரோடு சேர்ந்து வீட்டைவிட்டு இறங்கி, பள்ளிக்கு நடந்துபோய், இருவரும் ஒரே இமாமின் பின்னே தொழுதுவிட்டு, பேசிக்கொண்டே திரும்பி வரவேண்டும். இதுவே அவருடைய ஆசை. எங்கள் மஹல்லாப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. நம் ஊர்கள் பலவற்றில் நிலை இதுதான். இதை வாதமாக எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறோம்.

சரயேவோவின் பெயர் அதன் பிறகுதான் வந்தது. வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது இருவர் விரலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கே நின்றன, காரணங்கள்தாம் வேறு. ஒருவருக்கு அது தேர்வு விடை. 1914 ஜூன் 28 அன்று, லத்தீன் பாலத்தின் அருகே ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதும், அதிலிருந்து முதல் உலகப் போர் மூண்டதும் பத்து மதிப்பெண் கட்டுரை. மற்றவருக்கு அது துஆ. 1992 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த நகரம் முற்றுகையில் கிடந்தபோது அவர் சிறுவர். ஜும்ஆவுக்குப் பின் இமாம் போஸ்னியாவுக்காகக் கையேந்துவார். வாசலில் இருவர் துண்டு விரித்து நிற்பார்கள். அத்தா கொடுத்த நாணயத்தை அதில் போட்டிருக்கிறார். அப்போது போஸ்னியா எங்கே இருக்கிறது என்று அத்தாவுக்கும் தெரியாது.

அங்கே பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவை ஒட்டி, 1531இல் கட்டிமுடிக்கப்பட்ட காஸி குஸ்ரவ் பேக் பள்ளிவாசல் இருக்கிறது. முற்றுகையில் குண்டடிபட்டுப் பின்னர் செப்பனிடப்பட்டது. பெண்களும் வந்து தொழுகிறார்கள். சில நூறு அடிகள் நடந்தால் இன்னொரு பள்ளி. இடையிலேயே தேவாலயங்களும் பழைய யூத ஆலயமும். துயரம் அங்கேயும் குறைவில்லை. குன்றுச் சரிவுகளில் வெள்ளை மீஸான் கற்கள் வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்தோம். ஸ்ரெப்ரெனிசாவில் 1995 ஜூலையில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கணினியை மூடிவைத்தோம். ஆனாலும் அந்தப் பள்ளிகளில் இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது.

இனி, இதைப் படிக்கும் தம்பதியருக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி. எங்களில் ஒருவர் கடற்கரை ஊரில் ஷாஃபியாகப் பிறந்தவர், மற்றவர் ஹனஃபி. பயணத் தொழுகையில் இது வேடிக்கையான நிலையை உண்டாக்குகிறது. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க நாடினாலே ஷாஃபி மத்ஹபில் பயணி என்ற சலுகை போய்விடும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்க நாடினால்தான் போகும். ஆக, ஒரே அறையில் ஒருவருக்கு லுஹர் இரண்டு ரக்அத், மற்றவருக்கு நான்கு. கணவர் முன்னின்று தொழுவித்து இரண்டில் ஸலாம் கொடுப்பார். மனைவி எழுந்து மீதி இரண்டைத் தொழுவார். இணைத்துத் தொழுவதோ, ஹஜ்ஜின்போது அன்றி ஹனஃபிக்குக் கிடையாது. ஆகவே நுழைவுச்சீட்டு வரிசையில் நின்று அஸரைத் தவறவிடும் நகரம் எங்களுக்குப் பொருந்தாது. உள்ளூர் இமாமின் பின்னே நின்றுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், இருவருக்கும் நான்குதான்.

காலாண்டு விடுமுறையான செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. அந்த நாள்களில் அங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். மஃரிப் ஆறரை மணியை ஒட்டி வரும். கோடையில் ஐரோப்பாவுக்குப் போனவர்கள் இஷாவுக்காக விழித்திருந்த கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள். போஸ்னியா ஷெங்கன் வட்டத்தில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். நம் பக்கத்திலிருந்து நேரடி விமானமும் இல்லை.

இவ்வளவும் முடிந்த பின்னரும் அம்மாவிடம் சொல்லவில்லை. பணத்தைக் காட்டிலும் அதுதான் கனத்தது. விடுப்பு 35 நாள்கள். அந்த நாள்கள் எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. மகன் வரும் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர் அவர். அந்த 35இல் ஒன்பதை எடுத்துக்கொள்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

கடைசியில் ஊரைப்பற்றிப் பேச்சுவாக்கில் தொடங்கினோம். அந்தப் பள்ளிவாசலின் அருகே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதில் நம் கைக்கடிகார நேரம் காட்டாது. மஃரிப் வரும்போது முள் பன்னிரண்டில் நிற்கும்படி அதைத் திருத்தி வைப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. இதைச் சொன்னதும் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மஃரிபில்தானே நாள் பிறக்கிறது? வியாழன் ராத்திரியை நாம் வெள்ளி ராத்திரி என்பதில்லையா? அந்த ஊர்க்காரர்களுக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது" என்றார். பிறகு, "எத்தனை நாள் போகிறீர்கள்?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை; இளையவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒன்பது நாள், அம்மா."

"போக வரவே மூன்று நாள் போய்விடும் போலிருக்கிறதே. பன்னிரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்."

விடுதிக்கு மறுபடி எழுதி, மூன்று நாள் கூட்டிக் கேட்டிருக்கிறோம்.