யானை வாங்கலாம், தீனி போடணுமே!

ஜவ்வாது மலைக்குக் கோடை விழா பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் எப்படிப்பட்ட கார்களில் வருகிறார்கள் என்கிறீர்கள்! ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் பளபளவென்று நிற்கும். பார்க்கிற நம் வீட்டு ஆண்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? அதுவும் செகண்ட் ஹாண்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் கொழுந்தனாருக்கு அப்படித்தான் ஆசை வந்தது. போளூரில் இருந்த பாட்டன் வழி மனையை விற்றதில் அவர் பங்கு கையில் இருந்தது. 2024 தை மாதம் சென்னையில் போய், 2020-ம் வருஷ மாடல், ஜீப் மாதிரி உயரமான உயர்ரக டீசல் கார் ஒன்றை 22 லட்சத்துக்கு வாங்கி வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். புதிதாக வாங்கினால் 45 லட்சத்துக்கு மேல். "பாதிக்குப் பாதி லாபம் அண்ணி!" என்று சிரித்தார். எங்களது கூட்டுக் குடும்பம். வரவு செலவு நோட்டு என் கையில். அதில் காருக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, உட்கார்ந்தால் மெத்தைதான். ஆனால் பழைய காரின் விலைதான் பாதியாகிறதே தவிர, அதன் உதிரி பாகங்களின் விலை பாதியாவதில்லை. 45 லட்ச ரூபாய் காருக்கு உண்டான சாமான்தான் எப்போதும் போட வேண்டும். இதைப் பல பேர் யோசிப்பதே இல்லை.

முதலில் டயர். அந்தக் காரில் ஸ்டெப்னியே கிடையாது! 'ரன் ஃப்ளாட்' என்று ஒருவகை டயர். பஞ்சரானாலும் மெதுவாக 80 கி.மீ. தூரம் போலப் போய்விடலாமாம். நல்ல விஷயம்தான். ஆனால் மழையில் அரித்த மலைப்பாதையில் பள்ளத்தில் இறங்கி, டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. போளூர்க் கடையில் அந்த அளவு டயர் இல்லை. சென்னையிலிருந்து வரவழைத்தோம். முன்பக்கம் இரண்டுக்கு 46,000 ரூபாய்.

அடுத்தது பிரேக். மலையிறங்கும்போது ஆட்டோமாட்டிக் கியரை அப்படியே விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் தகடு சூடேறிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். மானுவலுக்கு மாற்றிக் கீழ்க் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதைப் போளூர் மெக்கானிக் சொல்லிக் கொடுப்பதற்குள் 38,000 ரூபாய் போயிற்று.

பணத்தை விடுங்கள். ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி மாமியாருக்கு மூச்சுத் திணறல். கொழுந்தனார் காரை எடுத்தார். ஊரைத் தாண்டி நாலு கி.மீ. போயிருப்போம், முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். வெளியே கொட்டுகிற மழை. அத்தை என் மடியில் தலைவைத்துக்கொண்டு, "இன்னாம்மா, ஊர் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். என் கைகால் நடுங்கியது. நல்லவேளையாக போனுக்கு லைன் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய பொலிரோவை எடுத்து வந்து, அதில் ஏற்றிப் போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அத்தை பிழைத்து எழுந்தார்கள்.

மறுநாள் லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு, சுமார் 200 கி.மீ. தள்ளியிருக்கிற சென்னைக்குப் போயிற்று. என்ன கோளாறு தெரியுமா? டீசல் எரியும்போது வரும் கரியைப் பிடித்து வைக்கப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து அநேகமாக எல்லா டீசல் கார்களிலும் இது உண்டு. நம் டீ வடிகட்டியில் தூள் சேர்வது மாதிரி அதில் கரி சேரும். நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓடினால், புகைக்குழாய் நன்றாகச் சூடேறி அந்தக் கரி தானே எரிந்துபோகும். எங்கள் மலையில் அப்படி ஓட ஏது ரோடு? ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எட்டு, பத்து கி.மீ.; அதுவும் வளைந்து வளைந்து மெதுவாக. கரி எரியவே இல்லை, சேர்ந்து அடைத்துக்கொண்டது. என்ஜின் கெடாமல் இருக்க, வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆக, கார் மேல் குற்றமில்லை. அது ஓட வேண்டிய இடம் வேறு.

ஒரு வருஷம் முடிந்ததும் நோட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தேன். இன்ஷூரன்ஸ் 58,000, டயர் 46,000, பிரேக் 38,000, பேட்டரி 27,000, சர்வீஸ் 24,000, ஏற்றிப்போன லாரிக்கு 14,000, வடிகட்டிக்கும் அதைச் சேர்ந்த சென்சாருக்கும் 48,000. மொத்தம் 2,55,000 ரூபாய். ஓடினது 9,000 கி.மீ. அதாவது டீசல் இல்லாமலே கி.மீ.க்கு 28 ரூபாய்!

கொழுந்தனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போனாப் போவுது அண்ணி, அம்மாவை நடுவழியில நிறுத்திடுச்சே" என்றார். 2025 பங்குனியில் சென்னைக்காரர் ஒருவருக்கு 18 லட்சத்துக்குக் கொடுத்தார். இப்போது ஸ்டெப்னியுள்ள சாதாரண பெட்ரோல் கார்; போளூரிலேயே ரிப்பேர் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

சர்வீஸ் பதிவு முழுவதையும் கேளுங்கள். ஆட்டோமாட்டிக் கியர் ஆயில் மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் வைத்துச் சோதித்தால், விளக்கு அணைந்திருந்தாலும் பல பழைய கோளாறுகள் தெரியும். சில கார்கள் காற்றுப் பையின் மேல் நிற்கும். ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பை கசிகிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது.

ஆர்.சி. மாற்ற 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி விற்றவரோடு போய்விடும், உங்களுக்குச் சேராது.

விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குச் செஸ் போய், ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்று ஆயிற்று. முன்பு இரண்டும் சேர்ந்து இதைவிட அதிகம். புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? அடித்துப் பேசுங்கள்.

கடைசியாக, காரின் விலை போக வருஷத்துக்கு இரண்டரை லட்சம் தனியாக எடுத்து வைக்க முடியுமா, சர்வீஸ் செய்கிற இடம் எத்தனை கி.மீ. என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்கட்டும். நாமும் மெத்தையில் சாய்ந்து ஊர் சுற்றலாமே!