நீருக்குள் விழும் புள்ளிகள்

யூட்டாவின் செம்மணற்பாறைப் பள்ளத்தாக்குகளில் ‘இண்டியன் ரைஸ்கிராஸ்’ என்றொரு புல் உண்டு. நெல்லுக்கு நெருங்கிய சொந்தமில்லை. பெயரில் மட்டும் அரிசி. மணலில் தூர்கட்டி நிற்கும். நூல்போன்ற கிளைகளின் நுனியில் சிறிய கறுத்த விதைகள். ஹோப்பி, பையூட் மக்கள் அவற்றை அரைத்து மாவாக்கி உண்டார்கள். 1990இல் யூட்டா அதைத் தன் மாநிலப் புல்லாக அறிவித்தது.

வேலை முடிந்த இரவுகளில் இந்தப் புல்லின் ஹெர்பேரியம் பதிவுகளை இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். “ஒரு புல்லுல அப்படி என்னதான் இருக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். இருக்கிறது. தடித்த தாளில் ஒட்டிய உலர்ந்த செடி, ஓரத்தில் ஒரு சீட்டு: யார் எடுத்தது, என்றைக்கு, எங்கே, எப்படிப்பட்ட மண்ணில்.

1817இல் இதற்கு ‘ஸ்டைபா ஹைமினாய்டிஸ்’ என்று பெயர். பிறகு ‘ஓரைசாப்சிஸ்’ ஆனது. 1993இல் மேரி பார்க்வொர்த் ‘அக்நாத்தெரம்’ பேரினத்துக்கு மாற்றினார். 2019இல் ‘எரியோகோமா’ என்ற பழைய பேரினப் பெயர் திரும்பி வந்தது. பெயர் மாறும்போது தாளில் புதிய சீட்டு ஒட்டுவார்கள்; பழையதை அடிக்க மாட்டார்கள். பழைய மதிப்பின் மேலேயே புதியதை எழுதிப் பழகிய எங்கள் தொழிலுக்கு இது நல்ல பாடம்.

இடம்தான் சிக்கல். பழைய சீட்டுகளில் அட்சரேகை, தீர்க்கரேகை பெரும்பாலும் இருக்காது. ஆற்றின் இன்ன வளைவு, இன்ன ஊரிலிருந்து இத்தனை மைல் என்றிருக்கும். பின்னாளில் யாரோ அதைப் படித்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள்.

1963 மார்ச்சில் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. பவல் ஏரி முழுதாக நிரம்ப 1980 ஆயிற்று. நிரம்பிய ஏரியின் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மூழ்கும் முன்பே யூட்டா பல்கலைக்கழகத்தார் அங்கிருந்த செடிகளையும் விலங்குகளையும் தொல்லியல் தடயங்களையும் பதிவு செய்தார்கள். பள்ளத்தாக்கின் அடியில் அன்று எடுத்த செடிக்கு இன்று புள்ளி வைத்தால் அது வரைபடத்தின் நீலத்தில் விழும்.

தரவைச் சுத்தம் செய்பவர்கள் வழக்கமாக ஒரு விதி எழுதுவதுண்டு: நிலத்தாவரத்தின் புள்ளி நீரில் இருந்தால் பிழை, நீக்கு. நியாயமான விதிதான், பத்து வரிகூட வராது. ஆனால் இங்கே அது சரியான பதிவுகளையே தேடிப்பிடித்து அழித்துவிடும். சீட்டு உண்மையைத்தான் சொல்கிறது. பிற்பாடு மாறியது நிலம்.

நீண்ட வறட்சியால் 2023 தொடக்கத்தில் ஏரி, நிரம்பிய காலம் தொட்டுக் காணாத அளவுக்கு வற்றியது. பக்கப் பள்ளத்தாக்குகள் வெளியே வந்தன. அந்த வண்டலில் வெளியிலிருந்து வந்த டாமரிஸ்க்கும் முளைக்கிறது, மண்ணுக்குரிய செடிகளும் முளைக்கின்றன. ஒரு புல் ‘திரும்பி வந்தது’ என்று சொல்ல, முன்பு அங்கே இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே? தாள் இல்லை என்பதால் புல் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தாள் இருந்தால், இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். மூழ்கிய நிலத்துக்கு எஞ்சிய சாட்சிகளில் அதுவும் ஒன்று.

ஆகவே அந்த விதியில் இன்னொரு நிபந்தனை வேண்டும்: செடியை எடுத்த தேதி, அங்கே தண்ணீர் வருவதற்கு முந்தியதா? முந்தியதென்றால் அந்த வரியைத் தொடாதே.